மஞ்சள் ஹவுஸ் சிவந்த கதை

கேப்டன் பதவி சிலருக்குத் திறமையால் வரும். சிலருக்கு, ஆளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தன்று லீவு போட்டதால் வரும். நான் இரண்டாம் ரகம்.

எண்பதுகளில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் படித்தேன். (படித்தேன் என்பது அப்பாவின் நம்பிக்கை.) மணி அடித்ததும் எல்லோரும் ரயிலுக்கு ஓடுகிறார்கள், பக்கத்து பெஞ்சுக்காரன் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை என்று புது முதல்வருக்கு மனக்குறை. கல்லூரியையே நான்கு ஹவுஸாகப் பிரித்துவிட்டார். எப்படிப் பிரித்தாரோ, சிவப்பு ஹவுஸ் முழுக்க ஹாஸ்டல் தடியன்கள், எங்கள் மஞ்சள் ஹவுஸ் முழுக்க ரயில் பாஸ். அவர்கள் எங்களுக்கு வைத்த பெயர் 'பிளாட்பாரம் ஹவுஸ்'. எனக்குச் சுருக்கென்று தைத்தது. விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டியில் அவர்களை மண்ணைக் கவ்வ வைப்பதென்று சபதம் போட்டேன்.

படைக்குச் சீருடை வேண்டுமே! ஆளுக்கொரு வெள்ளைப் பனியன் கொண்டுவரச் சொல்லி, அம்மாவின் சாம்பார் அண்டாவில் மஞ்சள்தூளைக் கொதிக்கவிட்டு எல்லாவற்றையும் முக்கி எடுத்தேன்.

"இனிமே இதுல எப்படிடா சாம்பார் வைக்கிறது?"

"மஞ்சள் மட்டும் போடாதம்மா. அண்டாலயே இருக்கு."

விழா நாளில் ஒருவன்கூட ரயிலுக்கு ஓடவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. கயிற்றைப் பிடித்துப் பார்த்த சேகர் மட்டும் முனகினான்: "மச்சான், கை வேர்த்துகினே கீது. வழுக்குதுடா."

அப்போதுதான் என் கேப்டன் மூளை வேலை செய்தது. மைதானத்தில் கோடு போட்ட சுண்ணாம்புத்தூள் காலடியிலேயே கிடந்தது.

"அதை அள்ளித் தேய்ங்கடா!"

நானும் சேர்ந்து எல்லோரும் தேய்த்தோம். மிச்சத்தைப் பனியனில் துடைத்துக்கொண்டோம். மார்ச் மாத வெயில், ஆறாக வியர்வை. விசில் ஊதினார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தோம்.

எதிர்வரிசையின் முதல் தடியன் திடீரென்று கண்ணை அகல விரித்தான். "டேய், இன்னாடா இது! நம்ம கலரா மாறிகினு வரானுங்க!"

குனிந்து பார்த்தேன். நெஞ்சிலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாக ரத்தச் சிவப்பு. சிவப்பு ஹவுஸ் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவன் கையில் பிடி எங்கே நிற்கும்? கயிறு சரசரவென்று எங்கள் பக்கம் வந்தது. ஜெயித்துவிட்டோம்!

தூரத்துப் பந்தலில் மைக் பிடித்திருந்தவர் எங்கள் வேதியியல் பேராசிரியர். ஜெயித்த கூட்டத்தின் நிறத்தைப் பார்த்தார். "வெற்றி, சிவப்பு ஹவுஸ்!"

மூச்சிரைக்க ஓடினேன். "சார், நாங்க மஞ்சள் சார்!"

அவர் என் பனியனை மேலும் கீழும் பார்த்தார். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா என்னப்பா ஆகும்?"

"சிவக்கும் சார்."

"போன வாரம் லேப்ல கேட்டேனே, அப்ப ஏன் முழிச்ச?"

நான் இந்த வாய்மொழித் தேர்வில் தேறுவதற்குள் கோப்பை ஹாஸ்டலுக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் ரயில்கள் வந்தன, போயின. நாங்கள் ஏறவில்லை. சிவந்த பனியன்களோடு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து என்னைத் திட்டித் தீர்த்தார்கள். முறை வைத்துத் திட்டியதில் எல்லோர் பெயரும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை. முதல்வர் கனவு கண்டதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் கல்யாணத்தில் அத்தை ஆரத்தித் தட்டை எடுத்துவந்தபோது, கூட்டத்திலிருந்து சேகர் கத்தினான்: "அத்தே, பார்த்து! மேல பட்டா மாப்ள கட்சி மாறிடுவான்!"

மண்டபமே சிரித்தது. அன்றிரவே மனைவிக்குக் கதை தெரிந்தது. அவளிடமிருந்து மகளுக்குப் போனது. இன்றும் வீட்டில் யாருக்காவது ஆரத்தி கரைத்தால், மகள் தட்டை நேராக என்னிடம்தான் கொண்டுவருவாள்.

"அப்பா, சரியாப் பார்த்துச் சொல்லுங்க. இது எந்த ஹவுஸ்?"