வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த தோல்வி

என் அண்ணன் ஐந்து முறை சட்டசபை உறுப்பினர், இரண்டு முறை மந்திரி, கடைசியில் வடக்கே ஒரு மாநிலத்துக்குக் கவர்னர். இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு வெற்றி இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனதற்கு முழுப் பொறுப்பும் அவர் தங்கையான என்னுடையதுதான். இதை எந்தப் பத்திரிகைக்காரரிடமும் நான் சொன்னதில்லை. (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.)

யுத்தம் முடிந்து சட்டசபைத் தேர்தல் வந்தது. அரியலூரில் வக்கீலாக இருந்த அண்ணன் முதல் முறையாக நின்றார். அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"ஒரே ஒரு தடவதான். தோத்துட்டா கோர்ட்டு உண்டு, நீ உண்டுன்னு இருந்துக்க. மறுபடி எலெக்ஷன்னு வூட்டுப் பக்கம் வரக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அப்போதெல்லாம் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டும் குடும்பங்களில் சில பெண்களுக்கு இருந்தது. எங்கள் ஊரான விக்கிரமங்கலத்தில் எங்கள் பக்கம் மட்டும் ஐந்து வண்டி நிறையத் தேறினார்கள். அவர்களைத் தயார் செய்யும் பொறுப்பை அண்ணன் என்னிடம் கொடுத்தார். எனக்கு இருபத்திரண்டு வயது, எட்டாவது பாஸ். ஊரில் என்னைவிட அறிவாளி இல்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

விஷயம் சுலபம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. எல்லாப் பெட்டிகளும் ஒரு தட்டிக்குப் பின்னால் இருக்கும். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், வேண்டியவரின் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டும். அண்ணனுக்குப் பச்சை, எதிரிக்குச் சிவப்பு.

ஒத்திகை வைக்காமல் விடுவேனா? அம்மாவின் முறுக்கு டின்னை எடுத்து, வண்டிக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை அடித்தேன். சீட்டுப் போட மூடியில் தொளை போடலாமென்று உளியை எடுத்தபோது அம்மா வந்துவிட்டார்.

"டின்னுல தொள போட்ட, ஒன் மண்டையில போடுவேன்!"

தொளை இல்லாவிட்டால் என்ன, நிறம்தானே முக்கியம் என்று விட்டுவிட்டேன். பூவரச இலைகளைப் பறித்து ஆளுக்கொன்று கொடுத்து, "பச்சப் பொட்டி மேல இப்புடி வைக்கணும்" என்று நானே வைத்துக் காட்டினேன். எல்லோரும் வரிசையாக வந்து வைத்தார்கள். பொன்னம்மா அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"வக்கீல் தம்பிக்குக் குடுக்குறத மொட்டையாவா வைக்கிறது ஆயி? ஒரு வெத்தல, பாக்கு வேணாமா?"

எங்கள் பக்கத்தில் மரியாதைப்பட்டவருக்கு எது கொடுத்தாலும் வெற்றிலை பாக்கோடு, அவர் முன்னால் வைத்துக் கும்பிடுவதுதான் வழக்கம். நான் இதைத் தடுத்திருக்க வேண்டும். கைதட்டினேன்!

ஓட்டுப் போடும் நாள் திருவிழாதான். ஐந்து வண்டிகளிலும் கூறைப்புடவை சரசரக்கப் பக்கத்து ஊர்ச் சாவடிக்குப் போய் இறங்கினோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். பெண்கள் போகும் தட்டிப் பக்கம் எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

பொன்னம்மா அக்கா முதலில் வெளியே வந்தார். "திவ்யமா வச்சிட்டேன் ஆயி. கும்புட்டுட்டும் வந்தேன்."

அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். நடுவில் அண்ணன் சைக்கிளில் வந்து, "எப்புடிப் போவுது தனம்?" என்றார்.

"நம்ம பொட்டி நெறஞ்சி வழியுதுண்ணே!" என்று குதித்தேன். வழிந்தது உண்மைதான்.

எங்கள் பெண்கள் முடித்த பிறகு, அந்த ஊரில் வாக்கப்பட்டிருந்த செந்துறைச் சித்தி உள்ளே போனார். எங்களுக்கும் உறவு, ஆனால் எதிர் வேட்பாளருக்குச் சொந்த மைத்துனி. ஒரு துரும்பு இடம் மாறிக் கிடந்தாலும் பொறுக்காதவர். அவர் திரும்பி வந்தபோது கை நிறைய வெற்றிலை!

"என்னா தனம் ஒங்க ஊருப் பொம்பளைங்க! பச்சப் பொட்டி மேல சீட்டெல்லாம் எறஞ்சி கெடக்கு. காத்துல பறந்துட்டா என்னா பண்றது? அரசாங்கக் காயிதமாச்சே! எல்லாத்தயும் பொறுக்கிப் பத்திரமா உள்ள போட்டுட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உயிர் போய்த் திரும்பி வந்தது. "நீங்க நல்லா இருக்கணும் சித்தி! எந்தப் பொட்டியில போட்டீங்க?"

"இது என்னா கேள்வி? செவப்புலதான். வேற எதுலயாச்சும் போட்டா எங்க அக்கா வூட்டுக்காரரு என்னய என்னா நெனப்பாரு? இந்தா, வெத்தல வாடாம இருக்கு, போட்டுக்க."

நான் சாவடிக்குள் பாய்ந்தேன். அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். "யாரு சீட்டு எந்தப் பொட்டியில இருக்குன்னு எனக்குத் தெரியவே கூடாதும்மா. தெரிஞ்சா என் வேல போயிரும். வெளிய போங்க."

அண்ணன் தோற்றார். எங்கள் ஐந்து வண்டிப் பெண்களின் எண்ணிக்கையைவிடக் குறைவான ஓட்டில் தோற்றார். நானே போய் உண்மையைச் சொன்னேன். கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வதுபோல ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒத்திகை டின்னுல தொள இருந்துச்சா?"

"அம்மா போட வுடலண்ணே."

அதன் பிறகு நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் கோர்ட்டுக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். ஒரு மனிதரின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

காப்பாற்றியவர் பொன்னம்மா அக்கா. அடுத்த தேர்தல் பேச்சு வந்தபோது அத்தனை பெண்களையும் திரட்டிக்கொண்டு வந்து அப்பா முன்னால் நின்றார். "தம்பி தோக்கலைங்க. நாங்க வச்ச ஓட்டு எங்களுக்குத் தெரியும். மறுபடி நிக்கச் சொல்லுங்க. இந்தத் தடவ உள்ளயே போடுறோம்."

அப்பா தன் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார். அண்ணன் நின்றார். அதைவிட அதிசயம், பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க மறுபடியும் என்னையே அனுப்பினார். "எங்க தப்பு நடக்கும்னு இவளவிட யாருக்குத் தெரியும்?" என்றார். ஜெயித்தார். பிறகு ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது பணத்தையோ சாவியையோ உள்ளே வைக்காமல் மேலே வைத்தால், "சித்தி வர்றாங்க!" என்று ஒரு குரல் எழும். நேற்றுப் பிறந்த கொள்ளுப்பேரனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

அண்ணன் கவர்னராகப் பதவியேற்றபோது உறவுக்காரர்கள் எல்லோரையும் ரயிலேற்றி வரவழைத்திருந்தார். வாழ்த்துச் சொல்லப் போன நான், பதற்றத்தில் மாலையை அவருக்கு முன்னால் இருந்த மேசைமேல் வைக்கப் போனேன். அத்தனை நீதிபதிகளுக்கும் மந்திரிகளுக்கும் நடுவில் கவர்னர் குனிந்து என் காதில் சொன்னார்.

"கையிலயே குடு தனம். சித்தி வந்துருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் செந்துறைச் சித்தி, காலி நாற்காலிகளில் கிடந்த அழைப்பிதழ்களை எல்லாம் பொறுக்கிப் பத்திரமாகத் தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.