பனிக்குரங்கு ஏன் அழுதது?

கதையைக் கேட்டு முடிக்கும் முன்பே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும் இனம் ஒன்று நம்மிடையே உலவுகிறது. பார்த்திருப்பீர்கள். பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி அண்ணாச்சி அதில் அசல் வித்து. வாளும் மந்திரமும் மோதுகிற பழைய ஆங்கிலக் கதைகளைப் போனில் தேடித் தேடிப் படித்து, அவற்றில் மனித உருவத்தோடும் வெள்ளை ரோமத்தோடும் வருகிற பனிக்குரங்குகளில் எதற்குக் கோரைப்பல், எது கோட்டையைக் காத்தது, எது வீரனின் வாளுக்குப் பலியானது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். பனியை மட்டும் பார்த்ததில்லை. பிரிட்ஜில் பார்த்ததோடு சரி.

நூலக வாசகர் கூட்டத்தில், சீவலப்பேரியிலிருந்து வந்து மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சாலோமி தன் முதல் கதையை வாசித்தாள். ஒரு பெண் வாளோடு பனிமலை ஏறுகிறாள். மந்திரவாதியின் கோபுர வாசலில் ஒரு பனிக்குரங்கு உட்கார்ந்து அழுகிறது...

"நிறுத்தும்மா! இதெல்லாம் நூறு வருசத்துக்கு முந்தியே எழுதியாச்சு. அது அழாது, பாயும்!"

அதோடு விட்டாரா அண்ணாச்சி? குரங்கின் கால்விரல் வரைக்கும் போனார். சாலோமி தாள்களை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டீக்கடையில் அண்ணாச்சிக்கு டீ இறங்கவில்லை. படித்த அத்தனை கதையிலும் எந்தப் பனிக்குரங்கும் அழுததில்லை. இது மட்டும் ஏன் அழுதது?

ஓடினார். வீடு ஒரு திசையிலிருக்க, எதிர்த்திசையில் போகும், சாலோமி ஏறியிருந்த சீவலப்பேரி பஸ்ஸில் தொற்றினார்.

"ஏம்மா, அது ஏன் அழுதுச்சு?"

"ஒங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?"

"சத்தியமாத் தெரியலம்மா. வாசி. வாயத் தொறக்க மாட்டேன்."

பாளையங்கோட்டை தாண்டும்வரை அவரைத் தவிக்கவிட்டு, பிறகு வாசித்தாள். மந்திரவாதி செத்துப் பல காலமாகிறது. காவல் போதும் என்று அந்தக் குரங்கிடம் சொல்லத்தான் ஆளில்லை. வந்த பெண் வாளை உறையில் போட்டுவிட்டு, "நீ போகலாம்" என்கிறாள். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தூசி" என்றார்.

டிக்கெட் கொடுக்க வந்து கதையில் நின்றுவிட்ட கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "இத எங்கனயோ கேட்ட மாதிரி இருக்கே அண்ணாச்சி..."

"எங்கனயும் கேட்டிருக்க மாட்டீரு! போய் டிக்கெட்டக் கிழியும்வே!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சாலோமி சிரித்துவிட்டாள்.

அது கிடக்கட்டும். இவ்வளவு நேரமும், 'இந்த மாதிரி ஆளைப் பற்றி முன்பே யாரோ எழுதியிருக்கிறார்களே' என்று உங்களுக்கு நாக்கு துறுதுறுத்ததே, அதை என்னிடம் சொல்ல வேண்டாம். ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், பைய அடங்கும்.