தாங்கிப் பிடிக்க ஆள் தேவை

டகோமா,
மழை விடாத செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜோலீன் அக்காவுக்கு,

தம்பி டாரல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம்; இடது தோள் எலும்பு மட்டும் நலமில்லை. உன் முழங்கால் வலி எப்படி என்று அறிய ஆவல்.

எங்கள் டிரம்ஸ்காரன் ரஸ் போன மாதம் இறந்துபோனான் அல்லவா, அவன் நினைவாக எங்கள் 'ஈர அட்டைப்பெட்டி' ராக் குழு தொண்ணூறுகளுக்குப் பிறகு முதல் தடவையாக மேடை ஏறியது. எல்லாரும் சீக்கிரம் தூங்க வேண்டுமென்பதால் மாலை நான்கு மணிக்கே ஆரம்பம். வந்தவர்கள் அதே கிழிந்த ஜீன்ஸ், அதே கட்டம்போட்ட சட்டை. பொத்தான்தான் போட முடியவில்லை. அந்தக் காலத்திலெல்லாம் கடைசிப் பாட்டில் நான் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பாய்வேன், முகம் தெரியாதவர்கள் கைகளில் ஏந்தித் தலைக்கு மேலேயே கொண்டுபோய்த் திரும்ப மேடையில் விடுவார்கள். ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை. அப்பா நம்மை விட்டுப்போன பிறகு எனக்கு அந்தக் கைகளைத்தான் நம்பத் தெரிந்தது, அக்கா. ரஸ்ஸும் போனபின், அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றனவா என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு மேடை ஓரத்துக்குப் போனேன். முன்னால் நின்ற ரஸ்ஸின் மனைவி ட்ரினா, "டேய் டாரல், வேணாம்டா! இப்ப உன் எடை என்னன்னு தெரியுமா?" என்று கத்தினாள். "பிடிங்கடா!" என்று நான் பாய்ந்தேன். கூட்டம் ஆம்புலன்ஸ் வந்ததுபோல் விலகி வழிவிட்டது. "மன்னிச்சுக்கப்பா, இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு" என்றான் ஒருவன். "எனக்கு டிஸ்க் நழுவிடுச்சு" என்றான் இன்னொருவன். தரையில் கிடந்த என்னிடம் வரிசையாக வந்து வியாதி சொன்னார்கள். ட்ரினா மட்டும் விலகவில்லை. என் தலைக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் அவள் கை இருந்தது. அதில் இரண்டு விரல் முறிந்துவிட்டது. "அழாதடா லூசு, ரஸ் இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

ஆகவே மேடைக்கு இத்துடன் முழுக்கு. கிதாரைப் பரணில் ஏற்றியாகிவிட்டது. இனி வயதுக்கேற்ற மனிதனாக நடப்பேன் என்று உனக்கு வாக்களிக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சொல்லவும்.

உன் தம்பி,
டாரல்

பி.கு.: ட்ரினாவின் விரல் கூடியதும் மறுபடி வாசிக்கிறோம். இடுப்பும் முதுகும் தேறியவர்களாகப் பார்த்து முன்வரிசைக்கு அவளே ஆள் சேர்க்கிறாள். நீ அந்தக் காலத்தில் ஒருநாள்கூட எங்கள் கச்சேரிக்கு வந்ததில்லை. முழங்கால் போனால் போகட்டும், கை நன்றாகத்தானே இருக்கிறது? வா அக்கா.