பிளாங்க்-தாவும் என் மஞ்சள் கரைசலும்

பிளாங்க்-தாவைப் போல ஒரு சந்தேகப் பிராணி கொல்கத்தாவிலேயே கிடையாது. கடவுள் நேரில் வந்து நின்றாலும், 'நீங்க இல்லாம உலகத்தை ஒருநாள் ஓட்டிப் பாத்தீங்களா?' என்றுதான் கேட்பான்.

தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து மேஜை. முக்கியமான பொருளைச் சேர்க்காமலும் ஒருமுறை சோதனையைச் செய்து பார்ப்பதற்கு 'பிளாங்க்' என்று பெயர். அதை அவன் வாழ்க்கை முழுவதற்கும் நீட்டிவிட்டதால் எல்லோருக்கும் 'பிளாங்க்-தா' ஆனான்; 'தா' என்றால் வங்காளத்தில் அண்ணன். டீக்கடையில் இஞ்சி போட்டது ஒன்று, போடாதது ஒன்று வாங்குவான். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு நெற்றியில் தயிர்ப் பொட்டு வைப்பது வங்காள வழக்கம். அடுத்த வீட்டு வங்காள மாமி, அவனுக்கு 'மாஷிமா', ஆசையாக வைத்துவிட்டதை ஒரு பரீட்சைக்கு மட்டும் வழியிலேயே துடைத்துக்கொண்டு போனான். அதில்தான் மார்க் கூடுதல். மாஷிமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதல்லவா? அதற்குக் காரணமான என்சைம் பிரம்மாண்டமான புரதம். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் இரண்டே இரண்டு செம்பு அணுக்கள்தான். அவை எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்ள, அதே இரண்டு செம்பை வைத்து நான் ஒரு சின்னச் சேர்மம் செய்திருந்தேன். அதைச் சேர்த்தால் நிறமில்லாத கரைசல் மஞ்சளாகும். எவ்வளவு வேகமாக மஞ்சளாகிறது என்பதில்தான் என் நான்கு வருடமும் டாக்டர் பட்டமும் இருந்தன.

ஆராய்ச்சி முடிவுகளை எல்லோர் முன்னும் சொல்லவேண்டிய செமினாருக்கு முதல்நாள் காலை, நான் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"உன் காம்பவுண்ட் இல்லாம ஓட்டிப் பாத்தியா?"

"முதல் வருஷமே பாத்தாச்சுடா."

"இன்னிக்குப் பாரு."

பார்த்தேன். சேர்மம் ஒரு துளிகூடச் சேராத கரைசல், கொஞ்சமும் வெட்கமில்லாமல் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. சேர்மம் இல்லாமலே நடக்கிறதென்றால் நான்கு வருடமும் தண்டம். அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பிளாங்க்-தா உடனே வேலையில் இறங்கினான். குடுவையை மாற்றினான், கரைப்பானை மாற்றினான். மஞ்சள் மாறவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு, குடுவைக்குள் சுழன்று கரைசலைக் கலக்கும் குட்டிக் காந்தத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தான். வெள்ளையாக இருக்கவேண்டிய அதன் உறையில் திட்டுத்திட்டாகப் பச்சைக் கறை. என் சேர்மத்திலிருந்து ஊறிப்போன செம்பு.

"இதை ஏன் மாத்தவே இல்ல?"

"ராசியானதுடா," என்றேன். முதல் வெற்றி அதில்தான் வந்தது. அதனால் நான்கு வருடமாக அதையே விடாமல் வைத்திருந்தேன்.

அவன் புதுக் காந்தம் போட்டான். சேர்மம் இல்லாத கரைசல் தண்ணீராகவே இருந்தது. சேர்த்ததும் மஞ்சளானது. வேகம் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

"காம்பவுண்ட் நல்லா வேலை செய்யுது. உன் ராசியும் கொஞ்சம் செஞ்சிருக்கு," என்றான். பிறகு இருவரும் உட்கார்ந்து செமினாருக்கு வேண்டியதையெல்லாம் விடியும்வரை திரும்ப அளந்தோம்.

மறுநாள் செமினார் அறை வாசலில் நின்றேன். பிளாங்க்-தா கையில் ஒரு மண்சட்டியோடு வந்தான். மாஷிமா வீட்டுத் தயிர். என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான்.

"இது இல்லாம ஓட்டிப் பாக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு வேண்டாம்டா," என்றான்.

சாயங்காலம் வரை நான் நெற்றியைத் துடைக்கவே இல்லை.