எஸ்த்ரேலாவும் எட்டடி நிலமும்

சான் ஜெர்வாசியோ நகரமன்றத்தின் மாண்புமிகு உறுப்பினரும் எனக்கு அடுத்துப் பிறந்தவனுமாகிய ஹெர்மினியோ போர்ஜஸ் அவர்களுக்கு, அண்ணன் செராஃபிம் எழுதிக்கொள்வது.

நானும் உன் அண்ணி ஒத்தீலியாவும் தூய ஆவியின் கருணையால் நலம். பசு எஸ்த்ரேலாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. செய்தித்தாளில் உன் படத்தைப் பார்த்தேன், கன்னம் இரண்டும் நன்றாகவே உப்பியிருக்கின்றன. போனில் பேசினால் கூட்டத்தில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். முழுதும் படி. பாதியில் உன் உதவியாளரிடம் தள்ளிவிட்டாயோ, கெட்ட கோபம் வரும் எனக்கு.

உன் படத்துக்குக் கீழேதான் அந்தச் செய்தி இருந்தது. நகராட்சி வேலைகளுக்கு நிலம் வாங்கித்தர, கூப்பிட்டால் வரும் ஆலோசகர்களை அமர்த்த நகரமன்றம் ஏகமனதாக முடிவு செய்ததாம். முன்பு இந்த வேலைக்கு நகராட்சியில் ஒரே ஒரு ஆள் இருந்தார். டோனட் பெட்டியோடு வருவார், சமையலறையில் உட்காருவார், பேசி முடித்துவிட்டுப் போவார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூன்று கம்பெனிகளை வைத்திருக்கிறீர்கள். இருக்கட்டும். கூப்பிட்டால் வருவார்கள் என்று படித்ததும் நான் என்ன நினைப்பேன்? யார் கூப்பிட்டாலும் வருவார்கள் என்றுதானே நினைப்பேன்? வயதானவர்களுக்காகத் தம்பி ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறான் என்று அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "உங்க தம்பியா? நமக்கா? இன்னொரு தடவை நல்லாப் படிங்க" என்றாள். நான் படிக்கவில்லை.

அடுத்த வாரமே அந்தக் கம்பெனிகளில் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. என் வீடு இருக்கும் ஆர்ச்சர்ட் சாலையில் நடைபாதை, மிதிவண்டிப் பாதை, ரவுண்டானா எல்லாம் வரப்போகிறது, எந்த உதவி வேண்டுமானாலும் வென்டெல் என்பவரை அழைக்கவும் என்று போன் நம்பர் போட்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து எஸ்த்ரேலா வேலியில் முதுகைச் சொறிந்து வேலியையே சாய்த்துவிட்டாள். கூப்பிட்டேன். மஞ்சள் சட்டை, தலையில் தொப்பி, கையில் அளவு நாடாவோடு அந்த வென்டெல் வந்து இறங்கினான். "போர்ஜஸ் சார், நான் நிலத்துக்கு மதிப்புப் போட வந்தவன், வேலி புடிக்க இல்ல" என்றான். "கூப்பிட்டா வர்றவன்தானேப்பா நீ? கூப்பிட்டேன், வந்துட்ட. அந்தக் கம்பத்தைப் புடி" என்றேன். பிடித்தான். பிள்ளை நல்லவன். அதன் பிறகு தண்ணீர்த் தொட்டியை நகர்த்தக் கூப்பிட்டேன், வந்தான். கூரைமேல் போன பூனைக்குக் கூப்பிட்டேன், வந்தான். திருவிழாக் கூடத்துக்கு இனிப்பு ரொட்டி ஏற்றிப்போக உன் அண்ணி கூப்பிட்டாள், வந்தான், அங்கேயே உட்கார்ந்து மூன்று தட்டு சோப்பாஸ் சாப்பிட்டான், இறைச்சி ரசம் ஊற்றின ரொட்டி இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தன் தாய் தனக்குச் சொல்லவே இல்லையே என்று கண் கலங்கினான். ஏன் ஒருமுறைகூட முடியாது என்று சொல்லவில்லை தெரியுமா? ஒவ்வொரு தடவையும் "நில உரிமையாளருடன் பேச்சுவார்த்தை" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறானாம். என் பூனையை இறக்கியதற்கு உன் நகராட்சிதான் கூலி கொடுத்திருக்கிறது. மனமார்ந்த நன்றி.

இப்படி வீட்டுப் பிள்ளை மாதிரி பழகியவன்தான் ஒருநாள் மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். "சொல்லுப்பா" என்றேன். சாலையோரமாக எட்டடி அகலத்துக்கு நிலம் வேண்டுமாம். அதற்கு நல்ல விலையே தருவார்களாம். எட்டடிதானே, அங்கே முளைப்பதெல்லாம் காலி பீர் டப்பாதான், எடுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "அது போனா உங்க எடம் ஒரு ஏக்கருக்குக் கொறஞ்சிடும் சார்" என்றான். குறையட்டுமே என்றேன். "ஏக்கருக்குக் கொறஞ்ச மனையில மாடு வெச்சுக்கக் கூடாதுன்னு நகராட்சி விதி இருக்கு சார்" என்றான்.

அந்த விதிக்குக் கை தூக்கியவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் ஏகமனதுதான். உங்களுக்கெல்லாம் எப்போதாவது இரண்டு மனது வருமா வராதா?

சரி, பசுவுக்கும் சேர்த்து மதிப்புப் போடு பார்க்கலாம் என்று வென்டெலிடம் சொன்னேன், ஒரு வீம்புக்குத்தான். அவன் தடிப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, "நிலத்தோட ஒட்டியிருக்கிற பொருளா, நகர்த்தக்கூடிய பொருளான்னு மொதல்ல முடிவு பண்ணணும் சார்" என்றான். "காலங்காத்தால அவள எழுப்பிப் பாரு, நிலத்தோட ஒட்டியிருக்காளா இல்லையான்னு உனக்கே தெரியும்" என்றேன். பாவி, அதையும் எழுதிக்கொண்டான்.

நகர்த்தக்கூடிய பொருள் என்று முடிவாகிவிட்டதால் இன்னொரு ஆலோசகர் வந்தாள். ரோஷெல் என்று பெயர். இடம் பெயர்க்கப்படுகிறவர்களுக்கு அதே மாதிரி மாற்று இடம் தேடித்தருவது அவள் வேலை. வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் கேட்கிற கேள்விகள் மட்டும்தான் அவளிடம் இருந்தன. ஒரு ஸ்டூல் போட்டு எஸ்த்ரேலாவின் எதிரே உட்கார்ந்து என்னிடம் கேட்டாள், "இவங்க கூட வேற யாராவது குடியிருக்காங்களா?"

"ஈ நெறைய இருக்கு."

"வேலைக்குப் போறாங்களா?"

"வருஷத்துக்கு ஒருநாள் போவா. திருவிழா பால் ஊர்வலத்துல கொம்புல பூ கட்டிக்கிட்டு கோயில் வரைக்கும் முன்னால நடப்பா. மத்த பசுவெல்லாம் லாரியில வந்து எறங்கும். எங்க ஊர்க்காரின்னு சொல்லிக்க இவ ஒருத்திதான் நடந்து வர்றவ."

"அப்ப வேலை செய்யற எடத்துக்கு நடக்கிற தூரம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். புல், நிழல், தண்ணீர், ஊர் எல்லைக்குள் ஒரு ஏக்கருக்குக் குறையாத இடம், கோயிலுக்கு நடக்கும் தூரம். "இந்த ஊர்ல அப்படி ஒரு எடம் கெடச்சா எனக்கும் சொல்லும்மா, நானே குடிவர்றேன்" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். சிரிப்பு வாயில்தான் இருந்தது.

ஹெர்மினியோ, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மாட்டு மந்தையை விற்ற அன்று நீ வரவில்லை, வேலை இருந்தது உனக்கு. நான் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், லாரியில் ஏறுவதைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஏறிவிட்டன. இவள் மட்டும் கீழே படுத்துக்கொண்டாள், எழுப்பவே முடியவில்லை. டிரைவர் வந்து, "பெரியவரே, இது எந்திரிக்காது, நீங்களே வெச்சுக்கங்க" என்றான். அவள் ஒருத்திக்காகத்தான் நான் இப்போதும் விடியுமுன் எழுகிறேன். அவளும் போய்விட்டால் எதற்கு எழுவேன்? டிவி பார்க்கவா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

ஆகவே நான் கையெழுத்துப் போடமாட்டேன். செத்தாலும் போடமாட்டேன். நடைபாதையாம் நடைபாதை! இந்த ஊரில் கார் இல்லாமல் நடப்பது நானும் என் பசுவும் மட்டும்தான், நாங்கள் இருவரும் கேட்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நீ எழுந்து நின்று, ஏகமனதைக் கெடுத்து, இந்தத் திட்டத்துக்கு வாக்களிக்க முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் எஸ்த்ரேலாவையே மன்றத்துக்கு அழைத்து வருவேன். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறீர்களே, அவளுக்கு அது தாராளம். உங்கள் புதுக் கம்பளத்தின் மேல் தன் கருத்தைச் சுடச்சுடப் பதிவு செய்துவிடுவாள். பிறகு கூப்பிட்டால் வந்து அள்ளும் ஆலோசகர் ஒருவரை ஏகமனதாக அமர்த்திக்கொள்ளுங்கள்.

உன் மனைவி இடலினாவுக்கு எங்கள் அன்பு. தூய ஆவி உன்மேல் இறங்கி, முடிந்தால் கொஞ்சம் புத்தியையும் இறக்கிவைக்கட்டும். உன் சர்க்கரை, உன் ரத்த அழுத்தம், உன் அடுத்த தேர்தல் மூன்றும் கட்டுக்குள் இருக்க உன் அண்ணி மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பசுவை விட்டுக்கொடுக்காத உன் அண்ணன்
செராஃபிம் போர்ஜஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரோஷெல் ஓடிவந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ செவ்வாய்க்கிழமை தாராளமாகக் கை தூக்கலாம், நல்ல திட்டம். அவள் எழுதிக்கொண்டு போன புல், நிழல், தண்ணீர் எல்லாம் உள்ள இடம் ஊரிலேயே ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டதாம். கோயிலுக்குப் பின்னால் மேட்டில், இரண்டு ஏக்கர், உன் வீடு. நீ கூட்டத்தில் இருந்தாயாம், அதனால் இடலினாவிடம் கேட்டிருக்கிறாள். வீட்டுப் பத்திரத்தில் முதல் பெயர் அவள் பெயராமே, அதை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே! "நான் பேசினா தலையைத் தூக்கிக் கேக்கற ஒரு ஜீவனாவது இந்த வீட்டுக்கு வரட்டும்" என்று சொல்லி இடலினா உடனே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாளாம். சனிக்கிழமை விடியுமுன் ஓட்டி வருகிறேன், கதவைத் திறந்து வை. தினமும் கறக்க நான்தான் வருவேன், காப்பி தயாராக இருக்கட்டும். நீச்சல் குளத்தில் மட்டும் இனிமேல் மருந்து கலக்காதே, அவள் குடிக்க வேண்டும்.