நசுங்கிய பால் பவுடர்

'ஐயோ, எனக்கு எதுக்குங்க!' என்றொரு மனித இனம் உண்டு. இவர்கள் கொடுப்பார்கள். கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வாங்க மாட்டார்கள். ஏதோ சங்கம் கூடி இவர்களுக்குப் பதக்கம் கொடுக்கப் பார்த்ததாகவும், மேடையேறியவர்கள் அதைத் தலைவர் கழுத்திலேயே மாட்டிவிட்டு இறங்கியதாகவும் சொன்னால் நான் நம்புவேன்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள், அந்தத் தண்ணீரையும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனாலோ, திரும்பும்போது இரண்டு கையிலும் பை, கக்கத்தில் ஒரு பொட்டலம். பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாலும், எழுந்து இடம் கொடுப்பவனைத் தோளில் அழுத்தி மறுபடி உட்கார வைப்பார்கள். காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு கிண்ணம் சூப் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், மூன்றாம் நாள் அந்தக் கிண்ணம் நிறைய கேக்கோடு உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். இன்னும் காய்ச்சலோடு.

நல்ல குணம்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இனத்தைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் உணவு வங்கிக்கு வாருங்கள். கஷ்டப்படும் வீடுகளுக்கு இலவசமாக மளிகை கொடுக்க எங்கள் சபை நடத்தும் உணவு வங்கி, ஆராதனை மண்டபத்துக்குப் பின்னால், ஞாயிறு பள்ளி அறையில் வியாழன்தோறும் நடக்கிறது. குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து பொட்டலம் கட்டுகிறோம். மளிகைக் கடை வாசலில் தானச் சாமான் போட எங்கள் பெட்டி இருக்கிறது. பள்ளிக்கூடம் மாதம் ஒருமுறை மூட்டை அனுப்புகிறது. ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்பதில் எங்களோடு தலைமுறை தலைமுறையாக ஒத்துப்போகாத பக்கத்துச் சபைகூடப் பட்டாணி விஷயத்தில் ஒத்துப்போகிறது. என் வேலை, வந்த சாமான்களில் தேதி பார்ப்பது. நோவா பேழையிலிருந்து இறங்கியபோது மிஞ்சியதோ என்று சந்தேகப்பட வைக்கும் டப்பாக்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு புண்ணியவான் பசியைக் குறைக்கும் டீ ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உணவு வங்கிக்கு!

இதற்கெல்லாம் தலைவி பெரியக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், ஏனென்றால் அந்த அறையில் அவருக்கு மேல் ஆள் கிடையாது, பாஸ்டர் உட்பட. எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் குழந்தைக்கு எந்த மாவு ஒத்துக்கொள்ளாது, யார் வீட்டில் அடுப்பு ரிப்பேர், எல்லாம் மனப்பாடம். பாஸ்டர் ஜெபத்தை நீட்டினால், "ஆமென் பாஸ்டர், வெளியே வரிசை வெயில்ல நிக்குது" என்று முடித்துவைப்பார்.

ஆறு மாதத்துக்கு முன் அவர் கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு. ஊருக்கே தெரிந்த இந்தச் செய்தியைப் பெரியக்கா மட்டும் எங்களிடம் சொல்லவில்லை. பாஸ்டர் ஒருநாள் மெதுவாக, "வீட்டுக்கு ஏதாவது எடுத்துட்டுப் போங்கக்கா" என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, எனக்கு எதுக்குங்க! இல்லாதவங்களுக்குக் குடுங்க பாஸ்டர்."

அந்த வீட்டில் மட்டும் என்ன இருந்ததாம்? சம்பளமா?

இங்கே எங்கள் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நசுங்கிய டப்பாவை வரிசையில் வருபவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. "நாம காசு குடுத்து வாங்கத் தயங்குறதை அவங்க தலையில கட்டக் கூடாது" என்று பாஸ்டர் போட்ட சட்டம். அவை மூலையில் இருக்கும் கூடைக்குப் போகும். ஊழியம் செய்கிறவர்கள் வேண்டுமானால் எடுத்துப்போகலாம். வருஷத்துக்கு நாலைந்து டப்பா சேரும்.

அச்சகம் மூடியபின் வாரத்துக்கு நாலைந்து சேர ஆரம்பித்தது. அதுவும் எப்படிப்பட்ட டப்பாக்கள்! மீன் விழுந்தது, பீன்ஸ் விழுந்தது, பால் பவுடர் விழுந்தது. யாரும் சீந்தாத பீட்ரூட் ஊறுகாய் மட்டும் அலமாரியில் அசையாமல் நின்றது. புவியீர்ப்பு விசை இவ்வளவு வீட்டு நினைப்போடு வேலை செய்து நான் பார்த்ததில்லை. விளிம்பில் அடிபட்டால் காற்று புகுந்து உள்ளே இருப்பது கெட்டுவிடும். இவையோ எல்லாம் நட்ட நடுவயிற்றில், மேசை முனை அளவுக்கு, பதமாக நசுங்கியிருந்தன. "வீணாப் போயிடக் கூடாதேன்னுதான் எடுத்துட்டுப் போறேன்" என்று வியாழன் சாயங்காலம் பெரியக்கா கூடையைக் காலி செய்வார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? பாஸ்டரிடம் போனேன்.

"உஷ்! எனக்கு ஆறு வாரமாத் தெரியும் பிரதர். போன வாரம் ரெண்டு மீன் டப்பா நான் போட்டதுதான்."

ஒன்று தரையில் விழுந்தது. இன்னொன்று அவர் காலில். அந்த ஞாயிறு அவர் நொண்டிக்கொண்டே, தேவதூதனோடு மல்லுக்கட்டி நொண்டியான யாக்கோபைப் பற்றிப் பிரசங்கம் செய்ததன் மர்மம் அன்றைக்குத்தான் விளங்கியது. வாராவாரம் மிச்ச ரொட்டி கொண்டுவரும் பேக்கரிக்காரரும் இந்தச் சதியில் இருந்தார். ரொட்டியை எப்படி நசுக்குவது? அதன்மேல் உட்கார்ந்தார். மனிதர் தொண்ணூறு கிலோ. இரண்டு போதும் என்றோம், ஆறு போய்விட்டது. பெரியக்காவோ, "இந்த ஆம்பளைங்க கையில என்ன எண்ணெயா தடவியிருக்கு?" என்று எரிந்து விழுந்து, 'சாமான்களைக் கவனமாகக் கையாளவும்' என்று சுவரில் ஒட்டிவைத்தார். ஒட்டிவிட்டு ஒரு பீன்ஸ் டப்பாவோடு மேசைப் பக்கம் போனார்.

பிறகு அந்த வியாழன் வந்தது. அக்காவின் சின்னவன் இருமிக்கொண்டே பள்ளிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தோம். மொத்தம் வந்த பால் பவுடர் ஆறு டப்பா. பாஸ்டர் இரண்டை முடித்தார். நான் இரண்டு. பேக்கரிக்காரர் ஒன்று. மிச்சம் ஒன்றைப் பெரியக்கா. வரிசை உள்ளே வந்தபோது அலமாரியில் பால் பவுடர் இருந்த இடம் காலி.

ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் ஒருத்தி, மூன்று பிள்ளைகளின் தாய், மேசைக்கு வந்தாள்.

"பால் பவுடர் இல்லையாக்கா?"

"இல்லம்மா இந்த வாரம்."

"அதோ கூடையில ஆறு இருக்கே?"

"அது அடிபட்டதும்மா. குடுக்கக் கூடாது."

"ஆறுமா?" அவள் உள்ளே வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "இதுல சுத்தியல் தழும்பு இருக்கே. இதுல பாருங்க, செருப்புத் தடம்!"

நான் கூரையைப் பார்த்தேன். பாஸ்டர் அவசரமாக வேதாகமத்தில் எதையோ தேடினார். பெரியக்கா டப்பாக்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்று அவருடையது. மற்ற ஐந்து யாருடையது என்று எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. உதவி செய்கிறோம் என்ற குஷியில் ஆறு வீட்டுப் பாலைப் பிடுங்கியிருந்தோம்.

"எல்லாத்தையும் வரிசைக்குக் குடுத்துடுங்க" என்றார் பெரியக்கா. சட்டம் போட்ட பாஸ்டரே ஓடி ஓடிக் கொடுத்தார்.

அந்தப் பெண்ணும் எங்கள் முகங்களைப் படித்திருந்தாள், நகரவில்லை. "உங்க வீட்டுக்கு?"

"ஐயோ, எனக்கு எதுக்கும்மா."

"அக்கா, போன வருஷம் முதல் தடவை வந்தப்போ நான் வாசல்லயே நின்னு அழுதேன். 'இதுல வெக்கப்பட என்ன இருக்கு, வாங்கிக்கோ'ன்னு நீங்கதான் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வந்தீங்க. நானும் நம்பினேன். வெக்கப்பட ஒண்ணும் இல்லன்னா நீங்க ஏன் டப்பாவை நசுக்குறீங்க? வெக்கப்படற விஷயம்தான்னா, என்னை ஏன் வாங்க வெச்சீங்க?"

பெரியக்கா குட்டி நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஏப்ரன் நாடாவைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த அட்டை ஒண்ணு எடுங்க" என்றார். புதிதாக வருபவர்கள் நிரப்பும் அட்டை அது.

"நான் எழுதுறேன்" என்று அந்தப் பெண் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். "வீட்ல எத்தனை பேருக்கா?"

இருநூறு வீட்டுக் கணக்கை மனப்பாடமாகச் சொல்கிறவர், தன் வீட்டுக் கணக்கைச் சொல்ல ஒரு முழு நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

"நாலு."

மாவு, எண்ணெய், பீன்ஸ், ரொட்டி, யாரும் உட்காராத ரொட்டி. எல்லாம் பையில் போட்டுக் கொடுத்தோம். வாங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பையைத் திறந்து, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். பழக்கம் எங்கே போகும்? அவள் ஒரு மறுப்பும் சொல்லாமல், "குடுங்க, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்று வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் விஷயம், இரண்டு நொடி வேலை, எங்கள் எல்லோரையும் டப்பா நசுக்க வைத்த வேலை.

நீங்கள் சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் இவ்வளவையும் படித்துக்கொண்டே, 'அப்படியே நம்ம அத்தைதான், இதை அவங்களுக்குக் குடுக்கணும்' என்று மனசுக்குள் ஒரு ஆளைத் தேடி முடித்துவிட்டீர்கள், இல்லையா? அத்தைக்கு வேறு பிரதி நான் அனுப்பிக்கொள்கிறேன். இது உங்களுக்கு. பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.