பிஜிலியின் தையல் காத்த படலம்

வாழ்க தளவாயார்! தாராவித் தோல்பட்டறைகளின் தனிப்பெருங்கோ, கைப்பை தைப்பதில் நிகரிலான், மொத்த வியாபாரி பாதி விலைக்குக் கேட்டால் ஒற்றைப் புன்னகையால் அவனை முழு விலைக்கே இழுத்து வந்து நிறுத்தும் நாவலன், முத்துமாரியின் மணாளன் வாழ்க! அவன் புகழ் பாடத் துணிந்த எம் நாவில் கலைமகளே, வந்து அமர்க; இடம் போதாதெனில், இது தாராவி, சற்று ஒதுங்கி உட்கார்க.

கேளீர். பட்டறை வாசலில் பிறந்து பட்டறைக்குள் வளர்ந்த செந்நிறத்தாள், பிஜிலி என்னும் பெயர் பூண்ட நாய்க்குலக்கொடி, கருத்தடை அறுவை முடிந்து, மயக்கம் முழுதும் தெளியா விழியளாய் ஆட்டோரதத்தில் வந்திறங்கினாள். அடிவயிற்றில் புதுத் தையல். கழுத்தைச் சுற்றி, புனல் போல் விரிந்த பிளாஸ்டிக் கூம்பு.

“நக்கினா தையல் பிரிஞ்சிடும், மறுபடி கத்தி வைக்கணும். கூம்பு கழட்டக்கூடாது, குதிக்க விடக்கூடாது” என்பது செம்பூர் டாக்டர் மாலதியின் ஆணை.

மாட்டுங்கா மெஸ்ஸுக்குச் சமையலுக்குப் புறப்பட்ட முத்துமாரி அந்த ஆணைக்கு மேலும் ஓர் ஆணை பிறப்பித்தாள்: “அந்தக் கூம்ப மட்டும் தொட்டுராதீய. ஒங்க கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது.”

வீரன் தலையசைத்தான். சாக்கின்மேல் பழைய போர்வை விரித்து மஞ்சம் அமைத்தான். பரணுக்கு ஏறும் ஏணியை ரெக்சின் சுருளால் அடைத்தான். மாத்திரையைப் பாவ் ரொட்டிக்குள் ஒளித்து, ஒற்றர்க்கும் எட்டா வஞ்சத்தால் விழுங்கச் செய்தான். ஆயினும் என்! கூம்பு தரித்த நங்கை தையல் மெஷின் காலில் முட்டினாள், தண்ணீர் டிரம்மில் முட்டினாள், சாய்ந்து படுக்க இயலாது முனகினாள். தளவாயாரின் நெஞ்சு, வெயிலில் வைத்த பசை டப்பாவாய் இளகிற்று. போதாக்குறைக்குத் தொழிற்கண் வேறு விழித்துக்கொண்டது: விளிம்பு மடிக்கவில்லை, உள்ளே மெத்தை இல்லை.

“இதெல்லாம் ஒரு ஃபினிஷிங்கா? புள்ள கழுத்த அறுக்குது!”

மாதிரி வெட்டாமல் தோலில் கத்தி வைப்பது பட்டறை மரபன்று. ஆகவே கூம்பைக் கழற்றி, மூட்டோரம் பிளந்து, மடலை நறுக்கி, இரு துண்டாய்ப் பலகைமேல் பரப்பிக் கோடு வரைந்தான். ஆட்டுத்தோல் எடுத்தான், உள்ளே பஞ்சு வைத்தான், விளிம்பு மடித்து இரட்டைத் தையல் ஓட்டினான், பித்தளைப் பொத்தான் அடித்தான்; பிறந்தது தோற்கூம்பு. அணிந்து நின்ற பிஜிலி அரசவைக்குப் புறப்பட்ட இளவரசி போல் ஒளிர்ந்தாள்.

பைகளுக்கு ஜிப் வைக்கும் பக்கத்துப் பட்டறை சபுரா எட்டிப் பார்த்து, “ஏண்ணே, என் தங்கச்சி நிக்காஹுக்குக் கேட்ட பைக்கு இந்த வேலப்பாடு வரலியே!” என்றாள்.

அந்தோ! வெட்டிப்போட்ட தோல்துண்டைக் கடித்தே பல் முளைத்தவள் பிஜிலி என்பதை வீரன் மறந்தான். தோல் அவனுக்குத் தொழில்; அவளுக்குப் பலகாரம். அவன் டீ குடித்துத் திரும்புமுன் விளிம்பு போயிற்று, பஞ்சு பறந்தது, பொத்தான் உருண்டது. எஞ்சியதை வாயிலிருந்து பிடுங்கிய அக்கணமே, தடையற்ற செந்நா அடிவயிற்றை நோக்கிப் படையெடுத்தது.

“பழச மாட்டுங்கண்ணே!” என்று அலறினாள் சபுரா.

பழையது இரு துண்டாய்ப் பலகைமேல் கிடந்தது. தன் கோட்டையைத் தானே இடித்துவிட்டு மதிலைத் தேடும் மன்னனாய்த் திகைத்த தளவாயார், அடுத்த நொடியே தரையில் பாய்ந்து, தையலுக்கும் நாவுக்கும் நடுவே தன் உள்ளங்கையைக் கேடயமாய் நீட்டினான். ‘என்னைத் தாண்டித் தையலைத் தொடும் நா இனிமேல்தான் பிறக்க வேண்டும்!’ என்று உள்ளம் முழங்கிற்று, வாயில் வந்ததோ, “சும்மா கெடட்டி மூதி!”

இடப்புறம் வளைந்தாள், கை இடம் சென்றது. வலப்புறம் வளைந்தாள், கை வலம் வந்தது. உறங்குவதாய் நடித்து ஒற்றைக்கண் திறந்து நாநுனி நீட்டினாள், அங்கும் கை நின்றது. கால் மரத்து, முதுகு வளைந்து, கைமுழுதும் எச்சில் வழிய, பகல் சாயும்வரை அப்பெருஞ்சமர் நீண்டது. அந்நேரம் பார்த்தா போன் அடிக்க வேண்டும்! மறுமுனையில் மொத்த வியாபாரி விலையை அடித்துப் பேச, பிஜிலியின் மூக்கு தாழ, பேரத்தில் ஒருநாளும் தோலா நாவலன் உலகோர் கேட்டுத் திடுக்கிடும் வாசகம் உரைத்தான்: “நீங்க சொன்ன ரேட்டே இருக்கட்டும் சேட், போனை வைங்க!”

விளக்கேற்றும் வேளையில் முத்துமாரி வந்தாள். இரு துண்டுப் பிளாஸ்டிக்கைக் கண்டாள். தரையில் கிடந்த கணவனைக் கண்டாள். குனிந்து அவன் கையை விலக்கித் தையலைக் கண்டாள். அண்டம் மூச்சடக்கிற்று.

“ஒரு நூல்கூட பிரியல. காஞ்சுதான் கெடக்கு. எந்திரிங்க.”

தேவர் பூமாரி பொழிய, திசைகள் எட்டும் முரசறைய, வெற்றித்திருமகன் சுவரைப் பிடித்து எழுந்தான். மரத்த கையை வானோக்கி உயர்த்தினான்.

முத்துமாரி கொடியில் கிடந்த பழைய பனியனை எடுத்து நாய்க்கு மாட்டி, வயிறு மூடும்படி இழுத்து, முதுகில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுச் சோறு வைக்கப் போனாள்.